8 வாரத்து ரத்தம் "பெண்" என்கிறது: எவ்வளவு தூரம் நம்பலாம்?

லிந்துலை_மழை | ஜனவரி 5, இரவு 9.12

தங்கச்சிக்காகக் கேட்கிறேன். கடைசி மாதவிடாய்த் தேதியிலிருந்து எண்ணி 8 வாரம் இருக்கும்போது, இணையத்தில் வாங்கிய பெட்டியில் விரலைக் குத்தி ரத்தம் எடுத்து அனுப்பினாங்க. "பெண் குழந்தை"ன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. ஸ்கேன் இன்னும் எடுக்கல. மாமியார் வயித்தைப் பார்த்துப் பையன்தான்னு அடிச்சுச் சொல்றாங்க. யாரை நம்புறது? திரும்ப ஒரு தடவை ரத்தம் குடுக்கணுமா?

நுண்குழாய் | ஜனவரி 5, இரவு 10.40

மாமியாரை விடுங்க. யார் எப்படிச் சொன்னாலும் பாதிக்குப் பாதி சரியாத்தான் வரும், அதனாலதான் இந்தத் தொழில் இத்தனை தலைமுறையா ஓடுது.

ரத்தப் பரிசோதனைக்கு வருவோம். அது "பெண்"ணைத் தேடுவதே இல்லை. தேடுவது ஆண்களிடம் உள்ள ஒய் நிறமூர்த்தத்தை (குரோமோசோம்) மட்டும். தாய்க்கு ஒய் கிடையாது, அதனால் தாயின் ரத்தத்தில் ஒய் துண்டு கிடந்தால் அது வயிற்றுக் குழந்தையுடையது என்று கணக்கு. 1997இல் டெனிஸ் லோ குழுவினர் லான்செட் இதழில் வெளியிட்டது இதைத்தான்: ஆண் கரு சுமக்கும் தாய்மாரின் ரத்தத் திரவத்தில் ஒய் துண்டுகள் மிதக்கின்றன.

குழந்தையுடையது என்றாலும் அந்தத் துண்டுகள் வருவது நச்சுக்கொடியிலிருந்து. கொடியின் செல்கள் செத்து உதிரும்போது டி.என்.ஏ. துண்டு துண்டாகத் தாயின் ரத்தத்தில் கலக்கும். அதே ரத்தத்தில் தாயுடைய துண்டுகளும் மிதக்கும், அவைதான் பெரும்பங்கு. 10 வாரத்தில் மொத்தத்தில் ஏறத்தாழ பத்திலொரு பங்குதான் கொடியுடையது, அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். 7, 8 வாரத்தில் இன்னும் குறைவு.

இப்ப உங்க ரிப்போர்ட்டைப் பாருங்க. ஒய் அகப்படவில்லை, அதனால் "பெண்" என்று எழுதிவிட்டார்கள். அகப்படாததற்குக் காரணம் இரண்டாக இருக்கலாம். குழந்தை பெண். அல்லது பையன்தான், ஆனால் அந்தச் சொட்டு ரத்தத்தில் கொடியின் துண்டுகளே போதவில்லை. இரண்டையும் பிரித்துக் காட்டும் வரி ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும்: குழந்தையின் டி.என்.ஏ. எத்தனை வீதம் கிடைத்தது என்று. அந்த வரி இல்லாவிட்டால் "பெண்" என்பதை "ஒன்றும் காணவில்லை" என்றுதான் நான் வாசிப்பேன்.

பதுளை_ரயில் | ஜனவரி 6, காலை 6.55

அப்போ "ஆண்"னு வந்திருந்தா நம்பலாமா?

நுண்குழாய் | ஜனவரி 6, பகல் 12.20

அது வேறு பக்கம் சறுக்கும். விரல் குத்தும் பெட்டியில் அதிகம் சறுக்கும்.

தேடுவது மிக மிக நுண்ணிய அளவு ஒய். வீட்டில் ஆண் ஒருவர் தொட்ட மேசை, துவாய், கதவுப்பிடி எல்லாவற்றிலும் ஒய் இருக்கு. கணவர் பாசமாகக் கையைப் பிடித்துக் குத்திவிட்டால் முடிந்தது, "ஆண்" என்று வரும். அந்த ஆண் அவர்தான்!

வீட்டில்தான் எடுக்கப் போறீங்கன்னா: மேசையைப் பிளீச்சிங் கலந்த தண்ணியால் துடைச்சுக் காயவிடுங்க. ஆண்கள் அறையை விட்டு வெளியே, சின்னப் பையனும் சேர்த்து. கையை முழங்கை வரை சவர்க்காரம் போட்டு, நகத்தின் அடியிலும் தேய்ச்சுக் கழுவுங்க. துடைக்கத் துவாய் வேண்டாம், காத்தில காயட்டும் அல்லது பெட்டியில் வந்த துணி. முதல் சொட்டைத் துடைத்து விட்டு அடுத்த சொட்டை எடுங்க. ரத்தம் வரலன்னு விரலைப் பிழியக் கூடாது. பிழிந்தால் சிவப்பணு உடையும், திசு நீரும் கலக்கும். மலைக்குளிரில் விரல் விறைச்சிருக்கும், அதனால் முதலில் இளஞ்சூட்டுத் தண்ணியில் கையை ஐந்து நிமிஷம் வச்சிருங்க.

சில பெட்டிகளில் ஆண் நாயையும் வெளியே கட்டச் சொல்லியிருக்கும். பரிசோதனை தேடுவது மனித ஒய்யை. நாய் பாவம், உள்ளேயே படுத்துக்கட்டும்.

கிளினிக்_கொப்பி | ஜனவரி 6, மாலை 5.30

எல்லாரும் ரத்தத்தையே பேசுறீங்க. "8 வாரம்" என்ற கணக்கே சரியான்னு யாரும் கேட்கல.

மாதவிடாய்த் தேதி நினைவில்லாதவங்க, சுழற்சி 35 நாள், 40 நாள்னு போறவங்க, மூத்த பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே கர்ப்பமானவங்க, கருத்தடை ஊசி நிறுத்தி மாதவிடாய் ஒழுங்காகும் முன்னேயே தரிச்சவங்க: இவங்க எல்லாருக்கும் கொப்பியில் 8 வாரம்னு இருந்தா ஸ்கேனில் 6 வாரம் வரலாம். அந்த இரண்டு வாரம்தான் இந்தப் பரிசோதனையின் உயிர்.

ஆகவே முதலில் ஸ்கேன். தலையிலிருந்து புட்டம் வரை அளப்பாங்க. ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் இருந்தா 10 வாரம். அந்த அளவைப் பார்த்தபிறகு ரத்தம் எடுத்தாப் போதும்.

இன்னொன்று. தங்கச்சி தோட்டத்து மிட்வைஃப் மிஸ்ஸிடம் பதிஞ்சாச்சா? 8 வாரத்துக்குள் பதிவதுதான் நல்லது. எச் 512 எனும் கர்ப்பப் பதிவு அட்டை, போலிக் அமில வில்லை, இரத்த வகை, ஹீமோகுளோபின், வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் பரிசோதனை), எச்.ஐ.வி. எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கும். பெட்டிக்குச் செலவழிச்ச காசில் அதெல்லாம் கிடைக்காது, இது இலவசம்.

நுண்குழாய் | ஜனவரி 6, இரவு 8.15

கொப்பி அக்கா சொன்னதோட நான் முதலில் எழுதினதைச் சேர்த்துப் படிங்க. 2011இல் ஜாமா இதழில் 57 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தாங்க. ஆண் கருவில் 95.4 வீதத்தைப் பிடித்தது, பெண் கருவில் 98.6 வீதத்தைச் சரியாகச் சொன்னது. கேட்க நல்லாயிருக்கு, ஆனால் அது எல்லா வாரத்தையும் போட்டுக் கலக்கிய எண். அதே ஆய்வு 7 வாரத்துக்கு முன் எடுத்தால் நம்பகமில்லை என்றும், சிறுநீரை வைத்துச் செய்தால் அறவே நம்பகமில்லை என்றும் சொல்லிவிட்டது. சிறுநீரில் சோடா மாவு போட்டு நுரைக்குதா பார்க்கிற வேலை எந்தக் கணக்கிலும் வராது.

உங்க தங்கச்சி 8ன்னு நினைச்சது உண்மையில் 6½ ஆக இருந்தால், அந்தப் "பெண்"ணுக்கு நான் பெரிய மதிப்புக் குடுக்க மாட்டேன்.

லிந்துலை_மழை | ஜனவரி 7, காலை 7.40

பதிஞ்சாச்சு அக்கா. ஸ்கேனுக்கு அடுத்த கிழமை நுவரெலியா போறாங்க. ஒரு டொக்டர் 10 வாரம் தாண்டி என்.ஐ.பி.டி. எடுக்கலாம், தாயின் ரத்தத்தில் குழந்தையின் டி.என்.ஏ.யைப் பார்க்கிற பரிசோதனையாம், அதில் ஆணா பெண்ணா என்ற பாலும் தெரியும்னு சொன்னாராம். கையில் எடுக்கிற ரத்தம்தானே, அது பெட்டியை விடத் திறமா?

நுண்குழாய் | ஜனவரி 7, இரவு 9.50

நாளத்திலிருந்து எடுப்பது நிச்சயம் மேல். ஆனால் மலைநாட்டில் இந்தப் பரிசோதனை கெடுவது பெரும்பாலும் ஆய்வகத்தில் இல்லை, வழியில். அதை விரிவாவே எழுதுறேன்.

வெறும் வயிறு தேவையில்லை. ரத்தம் 10 மில்லிலீட்டர், சில ஆய்வகம் இரண்டு குழாய் கேட்கும். இரண்டு வகைக் குழாய் பாவனையில் இருக்கு.

ரத்தம் உறையாமல் வைக்கும் சாதாரண ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. குழாய் என்றால் ஆறு மணித்தியாலத்துக்குள் சுழற்றி, திரவத்தைப் பிரித்து விட வேண்டும். அதுவும் இரண்டு சுற்று: முதலில் 1,600 ஜி (புவியீர்ப்பைப் போல 1,600 மடங்கு விசை), 10 நிமிஷம். மேலே தெளிந்த திரவத்தை மட்டும் எடுத்து மறுபடி 16,000 ஜி, 10 நிமிஷம். இரண்டாவது சுற்று எதற்கென்றால், மிச்சம் மீதி வெள்ளணு இருந்தால் அது உடைந்து தாயின் டி.என்.ஏ.யைக் கொட்டும். கொட்டினால் குழந்தையின் பங்கு 10 வீதத்திலிருந்து 3க்கு இறங்கிவிடும். குழந்தையுடையது குறையவில்லை, தாயுடையது பெருகிவிட்டது. ஹட்டனில் எடுத்த ஈ.டி.டி.ஏ. குழாயைச் சும்மா பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பினால் நடப்பது இதுதான். கினிகத்தேனையில் ஒரு மண்சரிவு போதும்.

மற்றது செல்லைக் கெட்டிப்படுத்தும் மருந்துள்ள குழாய், ஸ்ட்ரெக் போன்றவை. இதில் வெள்ளணு உடையாமல் 14 நாள் வரை தாங்கும். அதற்கும் நிபந்தனை உண்டு. குழாயைக் குறிவரை நிரப்பணும். பாதி ரத்தம் என்றால் மருந்தின் அளவு பிசகும். எடுத்த கையோடு மெதுவாக 8 முதல் 10 தரம் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தணும். குலுக்கக் கூடாது. வெப்பநிலை 6 முதல் 37 பாகைக்குள்.

கிளினிக்_கொப்பி | ஜனவரி 7, இரவு 10.25

அந்த 6 பாகையில் ஒரு கோடு போடுங்க. நம்ம ஆட்கள் ரத்தம்னா உடனே ஃபிரிட்ஜில் வைப்பாங்க, இல்லாட்டி தடுப்பூசிப் பெட்டியில் ஐஸோடு வைப்பாங்க. தடுப்பூசிக்கு 2 முதல் 8 பாகை, அந்தப் பழக்கம் கையில் ஊறிப்போச்சு. இந்தக் குழாய்க்கு அது கூடாது. அறை வெப்பம்தான்.

தை, மாசியில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழுற நாட்களில் ராத்திரி வேனில் விட்டுட்டுப் போற பார்சலும் ஃபிரிட்ஜில் வைச்ச மாதிரித்தான். சின்னத் தெர்மோகோல் பெட்டி, ஐஸ் இல்லாமல், உள்ளே பஞ்சு. அது போதும்.

நுண்குழாய் | ஜனவரி 8, காலை 6.30

அதேதான். கிழமையில் எந்த நாள் என்பதும் முக்கியம். திங்கள், செவ்வாய் எடுத்தால் நிம்மதி. வெள்ளி எடுத்தால் சனி, ஞாயிறு எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கும். போயா (பௌர்ணமி) விடுமுறை, அடுத்த வாரப் பொங்கல் விடுமுறை இரண்டையும் நாட்காட்டியில் பாருங்க. 14 நாள் தாங்கும் குழாய்க்கு இது பெரிய சிக்கல் இல்லை. ஆனால் மாதிரி நாட்டுக்கு வெளியே போகுதுன்னா அந்த 14இல் விமானப் பயணமும் அடங்கும்.

ரத்தம் எடுக்கும் இடத்தில் கேட்க வேண்டியது மூன்றே மூன்று: எந்தக் குழாய், எந்த நாட்டு ஆய்வகம், போதவில்லை என்று வந்தால் மறுபடி எடுக்கக் காசு உண்டா. விலையைக் கடைசியில் கேளுங்க.

பதுளை_ரயில் | ஜனவரி 8, பகல் 1.05

எந்த நாட்டு ஆய்வகம்னு ஏன் கேட்கணும்? டி.என்.ஏ.க்கு விசா கிடையாதே.

நுண்குழாய் | ஜனவரி 8, இரவு 7.45

ஆய்வகத்துக்குச் சட்டம் உண்டு. இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் கருவின் பாலை வெளியிடுவதைத் தடுக்குது, 1996 முதல் நடைமுறையில் இருக்கு. சொல்லாலோ எழுத்தாலோ சைகையாலோ சொல்லக் கூடாது. ஆகவே சென்னை, பெங்களூர் ஆய்வகத்துக்கு மாதிரி போனால் 21, 18, 13ஆம் நிறமூர்த்தங்களைப் பற்றி எல்லாம் வரும், பால் வராது. காசு கட்டின பிறகு "ஏன் எழுதல"ன்னு கிளினிக்கில் சண்டை பிடிக்கிறதில் பிரயோசனம் இல்லை.

உண்மையைச் சொன்னால், என்.ஐ.பி.டி.யின் வேலையே அந்த 21, 18, 13தான். டவுன் நோய்க்குறி இருக்கா என்று சல்லடை போடுவது. பால் என்பது ரிப்போர்ட்டின் கடைசி வரி. அதற்காக மட்டும் அவ்வளவு காசு குடுக்கிறது எனக்குச் சரியாப் படல. முதல் பக்கத்தைப் பார்க்காமல் நேரே கடைசி வரிக்குப் போறவங்கதான் அதிகம்.

கிளினிக்_கொப்பி | ஜனவரி 9, மாலை 6.10

பாலுக்காக மட்டும்னா 13 வாரத்து ஸ்கேன் போதுமே? காத்திருக்கப் பொறுமை இருந்தா.

நுண்குழாய் | ஜனவரி 9, இரவு 8.30

பெரும்பாலும் போதும். 9 வாரம் வரை இரண்டு பாலுக்கும் வெளியுறுப்பு ஒரே மாதிரி ஒரு சின்ன மொட்டுத்தான். அதன் பிறகு மொட்டு எந்தப் பக்கம் சாயுது என்று பார்ப்பாங்க. குழந்தையைப் பக்கவாட்டில் நேராகப் பிடித்து, முதுகின் கீழ்க்கோட்டோடு மொட்டின் கோணத்தை அளப்பது முறை. 30 பாகைக்கு மேல் நிமிர்ந்திருந்தால் ஆண், 10க்குக் கீழே படுத்திருந்தால் பெண், இடையில் என்றால் சொல்லாமல் விடுவது நல்லது. 1999இல் வந்த ஓர் ஆய்வில் 11 வாரத்தில் 70 வீதம்தான் சரி, 12இல் 98.7, 13இல் 100. ஒரே வாரத்தில் எவ்வளவு ஏற்றம் பாருங்க. அதனால் 11 வாரத்தில் "பார்த்துச் சொல்லுங்க டொக்டர்"னு நச்சரிக்காதீங்க. தொப்புள்கொடி இரண்டு காலுக்கு நடுவே வந்தாலும் ஏமாத்தும்.

இதயத்துடிப்பு 140க்கு மேல் என்றால் பெண் என்று யாராவது எழுத வருவாங்க, முன்கூட்டியே சொல்லிடுறேன்: 9 வாரத்தில் எல்லாக் குழந்தைக்கும் 170 பக்கம் துடிக்கும்.

பதுளை_ரயில் | ஜனவரி 9, இரவு 8.41

நான் எழுத வந்தேன். அழிச்சிட்டேன்.

நுண்குழாய் | ஜனவரி 12, இரவு 9.00

ஸ்கேன் ஒன்று, ரத்தம் ஒன்று சொன்னால் என்ன என்று உள்பெட்டியில் இரண்டு பேர் கேட்டிருக்காங்க. இங்கேயே எழுதுறேன்.

இப்படி ஏறத்தாழ 1,500 முதல் 2,000 கர்ப்பத்தில் ஒன்றில் நடக்கும். முதலில் சந்தேகப்பட வேண்டியது சாதாரண விஷயங்களை: பெயர் ஒட்டும்போது குழாய் மாறியது, ஸ்கேனில் கோணம் சரியில்லை. இரண்டையும் திரும்பச் செய்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ரத்தத்தில் ஒய், ஸ்கேனில் பெண் என்றால் மறைந்த இரட்டையைக் கேளுங்க. தொடக்கத்தில் இரண்டு கரு இருந்து, ஆண் கரு 6, 7 வாரத்தில் நின்றுபோயிருக்கலாம். அதன் நச்சுக்கொடி வாரக்கணக்கில் ஒய்யைக் கசிந்துகொண்டே இருக்கும். முதல் ஸ்கேன் 10 வாரத்தில் எடுத்தவங்களுக்கு இன்னொரு பை இருந்ததே தெரியாமல் போகும். குழந்தைக்கு ஒய் இருந்தும் உடல் ஆண் ஹோர்மோனை உணராத நிலையும் உண்டு. மறுபக்கம், ஒய் இல்லை, ஸ்கேனில் ஆண் போலத் தெரியுது என்றால் பிறவியிலேயே அட்ரீனல் சுரப்பி ஆண் ஹோர்மோனை மிகையாகச் சுரக்கும் பெண் குழந்தையாக இருக்கலாம். பிறந்த பிறகு உப்புச்சத்து வற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். இந்த இரண்டும் விஓஜி (மகப்பேற்று நிபுணர்) டொக்டரிடம் போக வேண்டியவை, நம்மிடம் இல்லை.

முன்னால் பெற்ற ஆண் பிள்ளையின் ஒய் மிச்சம் இருந்து ஏமாத்துமா என்றும் கேட்டிருந்தீங்க. திரவத்தில் மிதக்கும் துண்டுகள் பிரசவமாகி ஓரிரு நாளில் துப்புரவாகப் போய்விடும். கவலை வேண்டாம்.

கிளினிக்_கொப்பி | ஜனவரி 13, காலை 11.20

ரத்தம் ஏத்தினவங்களைப் பற்றி எழுதல. தோட்டத்தில் ரத்தசோகை குறைவா என்ன? ஹீமோகுளோபின் மிகவும் இறங்கி ரத்தம் ஏத்தினவங்க இருக்காங்க. குடுத்தவர் ஆண் என்றால்?

நுண்குழாய் | ஜனவரி 13, இரவு 7.15

நல்ல நேரத்தில் கேட்டீங்க. கொடையாளியின் வெள்ளணுக்களோடு அவர் ஒய்யும் வரும். அண்மையில் ரத்தம் ஏத்தியிருந்தால் படிவத்தில் தேதியோடு எழுதணும். எத்தனை வாரம் பொறுக்கணும் என்பதை ஆய்வகம் சொல்லும். ஆணின் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கும், எலும்பு மச்சை மாற்றியவர்களுக்கும் இந்தப் பரிசோதனையில் பால் பார்ப்பதே வீண்.

உடல் எடையையும் எழுதணும். எடை கூடக் கூடக் குழந்தையின் பங்கு குறையும். பல ஆய்வகம் 4 வீதத்துக்குக் கீழே என்றால் ரிப்போர்ட் தராது, தராமல் விடுவதே நேர்மை. "இன்னும் ஒரு கிழமை பொறுத்து எடுத்தால் ஏறிடும்" என்று சொல்வாங்க. ஏறும், ஆனால் 10 முதல் 20 வாரம் வரை வாரத்துக்கு 0.1 வீதம் அளவில்தான். இரண்டாம் தரமும் போதாமல் வந்தால் அதையே ஒரு சேதியாக எடுத்து டொக்டரிடம் காட்டணும்.

கொட்டகலை_காற்று | ஜனவரி 15, இரவு 10.05

எங்க வீட்டில் இரண்டு பெண் பிள்ளை. மூன்றாவதும் பெண்ணுன்னு முன்னாடியே தெரிஞ்சா ஏதாவது செய்ய முடியுமா?

கிளினிக்_கொப்பி | ஜனவரி 16, காலை 5.50

முடியாது. இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவை 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் கருவைக் கலைத்தால் மூன்று வருஷம் வரை சிறை, குழந்தை அசையத் தொடங்கின பிறகென்றால் ஏழு வரை. சட்டத்தை விடுங்க, கள்ளத்தனமா செய்கிற இடத்தில் போறது அந்தப் பொண்ணோட உயிர். பெண் பிள்ளை பிறக்கிறது தாயின் குற்றம்னு வீட்டில் பேச்சிருந்தா, எக்ஸா ஒய்யா என்று தீர்மானிப்பது தகப்பனின் விந்து என்று பெரியவங்களுக்கு ஒருக்கா சொல்லுங்க. உங்க மனைவியை யாராவது நெருக்கினால் மிஸ்ஸிடம் தனியாகப் பேசச் சொல்லுங்க.

நுண்குழாய் | ஜனவரி 16, இரவு 9.30

பால் முன்னாடியே தெரிந்தாக வேண்டிய வீடுகளும் இருக்கு, அதையும் பதியணும். ஹீமோபிலியா குடும்பம். தாய் அந்த மரபணுவைச் சுமப்பவர் என்றால், பையனாகப் பிறந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பில் ரத்தம் உறையாத நோய் வரும். பெண் என்று நிச்சயமானால் தாயின் வயிற்றில் பெரிய ஊசி போட்டுச் செய்யும் பரிசோதனையைத் தவிர்க்கலாம். பையன் என்றால் பிரசவ அறைக்கு முன்கூட்டியே சேதி போகணும்: தலையை உறிஞ்சி இழுக்கும் வெக்யூம் வேண்டாம், ஆயுதம் (இடுக்கி) வேண்டாம், துடிப்பைப் பார்க்கக் குழந்தையின் தலையில் முனை குத்த வேண்டாம், தொப்புள்கொடி ரத்தத்தில் உறைதல் காரணியை அளந்து பார்க்கும் வரை தசையில் ஊசி வேண்டாம். பிறந்த உடனே தொடையில் போடும் விட்டமின் கே ஊசியும் அதில் அடங்கும். தாய்க்கும் காரணி அளவு குறைவாக இருக்கலாம், அவரையும் பரிசோதிக்கணும். டூஷென் தசைநோய்க் குடும்பத்துக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு.

இந்தக் குடும்பங்களில் "பெண்" என்ற ரிப்போர்ட்டைக் குழந்தையின் பங்கு எண் இல்லாமல் யாரும் ஏற்க மாட்டாங்க. பெட்டி வாங்கிறவங்களும் அப்படியே கேட்டால் நல்லது.

லிந்துலை_மழை | ஜனவரி 20, மாலை 4.45

ஸ்கேன் எடுத்தாச்சு. மாதவிடாய்க் கணக்கில் 10 வாரமும் சொச்சமும், ஸ்கேனில் 8 வாரம் 5 நாள். ஒரே குழந்தை, துடிப்பு இருக்கு. அப்போ பெட்டி ரத்தம் எடுத்தது 6½ வாரத்திலா?

நுண்குழாய் | ஜனவரி 20, இரவு 8.20

அப்படித்தான். அந்த ரிப்போர்ட்டை எடுத்து வைக்க வேண்டாம். என்.ஐ.பி.டி. வேணும்னா பத்து நாள் கழிச்சு வரும் திங்கள்கிழமை, மருந்துள்ள குழாயில். ஸ்கேன் தாளையும் கையில் கொண்டு போகச் சொல்லுங்க, படிவத்தில் வாரம் எழுதும் இடத்தில் ஸ்கேன் கணக்குத்தான் வரணும்.

பதுளை_ரயில் | ஜனவரி 20, இரவு 8.33

மாமியார் இப்ப என்ன சொல்றாங்க?

லிந்துலை_மழை | ஜனவரி 20, இரவு 9.02

இரட்டைன்னு சொன்னாங்க. ஸ்கேன் தாளைக் காட்டின பிறகும் விடல.